ஞானப்பல் எடுத்த பிறகு வலியையும் வீக்கத்தையும் அடக்குவது எப்படி

ஞானப்பல் எடுத்தவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல், தவறான காரியங்கள் அல்ல. நேரம் தப்பிச் செய்த நல்ல காரியங்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது நல்லதுதான். ஆனால் முதல் நாளே கொப்பளித்தால் நின்ற ரத்தம் மறுபடி கசியும். ஐஸ் ஒத்தடம் நல்லதுதான்; நான்காம் நாளும் அதையே வைத்துக்கொண்டிருந்தால் இறுகிய தாடை இறுகியபடியே இருக்கும். வெந்நீர் ஒத்தடம் நான்காம் நாள் இதம் தரும், முதல் நாள் வீக்கத்தை ஏற்றிவிடும். அதனால் கீழே சொல்வதையெல்லாம் மணிக்கணக்கோடு சேர்த்தே படியுங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பல் இருந்த இடத்தில் எலும்புக்குள் ஒரு குழி மிஞ்சுகிறது. அதில் ரத்தம் நிரம்பி உறைந்து கட்டியாகிறது. புண்ணுக்கு அதுதான் மூடி. கீழே திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மறைப்பதும், புதிய திசு ஏறி வளரப் பிடிமானம் தருவதும் அந்தக் கட்டிதான். அடுத்த ஒரு வாரத்துக்கு உங்கள் முதல் வேலை அதைக் கலையாமல் காப்பது. வீக்கம் தனிக் கதை. ஈறைக் கீறி, எலும்பைச் சற்றுக் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுக்கும்போது சுற்றியுள்ள திசு காயப்படுகிறது. உடல் அங்கே நீரையும் ரத்த அணுக்களையும் அனுப்புகிறது. அந்த வரத்து உடனே முடிவதில்லை. 48 முதல் 72 மணி நேரம் வரை ஏறிக்கொண்டே போய், பிறகுதான் இறங்கத் தொடங்கும். இதைத் தெரியாதவர்கள், 'நேற்றைவிட இன்று முகம் பெரிதாக இருக்கிறதே, ஏதோ கெட்டுவிட்டது' என்று இரண்டாம் நாள் பயந்துபோகிறார்கள். இரண்டாம் நாள் பெரிதாக இருப்பது வழக்கம். மூன்று நாள் கடந்தும் பெரிதாகிக்கொண்டே போனால்தான் யோசிக்க வேண்டும்.

மேல்தாடைப் பல்லும் கீழ்த்தாடைப் பல்லும் ஒன்றல்ல. மேலெலும்பு மென்மையானது, நேராக முளைத்த மேல்பல்லை எடுத்தால் இரண்டு நாளில் மறந்துவிடுவீர்கள். கீழெலும்பு கெட்டி. சாய்ந்தோ முழுக்கப் புதைந்தோ கிடந்த கீழ்ப்பல் என்றால் ஒரு வாரம் வரை தொந்தரவு இருக்கும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புகள் முக்கியமாக அவர்களுக்குத்தான்.

போவதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டியவை

வாய் மரத்து, கன்னம் கனத்து வீடு திரும்பிய பிறகு எதையும் தேடி அலைய முடியாது. கிருமி நீக்கிய காஸ் துணி ஒரு பொட்டலம், மருத்துவர் சொன்ன வலி மாத்திரைகள், இரண்டு ஐஸ் பைகள் (ஒன்று கன்னத்தில் இருக்கும்போது மற்றொன்று உறையட்டும்), மெல்லிய துண்டு, கூடுதலாக ஒரு தலையணை, மிக மென்மையான பல் துலக்கி, உப்பு, மெல்லாமல் விழுங்கக்கூடிய உணவு. இவ்வளவு போதும்.

மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. தையல் தானாகக் கரைவதா, பிரிக்க வர வேண்டுமா? எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு ஒரு முறை, எத்தனை நாள்? இரவில் ரத்தம் நிற்காவிட்டால் யாரை அழைப்பது? நீங்களாக அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகள், எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை அல்லது ஊசி, சர்க்கரை நோய், ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரக அல்லது கல்லீரல் கோளாறு, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை. இதயத்துக்காகத் தினமும் சாப்பிடும் ஆஸ்பிரினையோ வேறு ரத்த மெலிவு மருந்தையோ நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ரத்தம் கசிவதை அழுத்தி நிறுத்திவிடலாம். இதயத்தில் கட்டி அடைத்தால் அது வேறு விஷயம்.

முதல் ஒரு மணி நேரம்: காஸ் துணி

பல் எடுத்தவுடன் மருத்துவர் ஒரு காஸ் மடிப்பை வைத்துக் கடிக்கச் சொல்வார். 30 முதல் 60 நிமிடம், விடாமல், உறுதியாகக் கடிக்க வேண்டும். இதில் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக உறைந்த படலம் துணியோடு பிய்ந்து வரும், கணக்கு மறுபடி முதலிலிருந்து. இரண்டு, துணியை மெல்வது. அழுத்தம்தான் ரத்தத்தை நிறுத்துகிறது, துணி உறிஞ்சுவது அல்ல. மென்றால் அழுத்தம் விட்டு விட்டு வரும். மூன்று, துணி இடம் மாறி முன்பற்களின் மேல் ஏறிவிடுவது. பற்கள்தான் துணியைக் கடிக்கின்றன, குழியின் மேல் ஒரு அழுத்தமும் இல்லை. ஞானப்பல் கடைசியில் இருப்பதால் துணியைத் தடிமனாக மடித்து, நன்றாகப் பின்னால் தள்ளி, கடிக்கும்போது புண்ணின் மேல் அழுந்துகிறதா என்று உணர்ந்து பாருங்கள்.

ஒரு மணி நேரம் கழித்தும் வாய் நிறைய சிவப்பாக வந்தால் புதிய துணியை மடித்து, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வையுங்கள். நனைக்காமல் வைத்தால் கட்டியோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது அதையும் இழுத்துக்கொண்டு வரும். மறுபடி 30 நிமிடம். அதிலும் அடங்கவில்லை என்றால் ஒரு கறுப்புத் தேயிலைப் பையை வெந்நீரில் நனைத்து, நன்றாக ஆறவிட்டு, பிழிந்து, அதே இடத்தில் வைத்து 30 நிமிடம் கடிக்கலாம். தேயிலையில் உள்ள துவர்ப்பான டானின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்க உதவுகிறது. மூலிகைத் தேயிலைக்கு அந்தக் குணம் கிடையாது.

எவ்வளவு ரத்தம் இயல்பு? முதல் 24 மணி நேரம் எச்சில் இளஞ்சிவப்பாக இருக்கும், தலையணையில் கறை படும். ஒரு சொட்டு ரத்தம் ஒரு வாய் எச்சிலைச் சிவப்பாக்கிவிடும் என்பதால் பார்ப்பதற்குப் பயங்கரமாகவே தெரியும். அதைத் துப்பிக்கொண்டே இருக்காதீர்கள். துப்பும்போது வாய்க்குள் உறிஞ்சல் உண்டாகிக் கட்டி ஆடும். வாயைத் திறந்து வழியவிடுங்கள், துடைத்துக்கொள்ளுங்கள்.

மரப்பு விடுவதற்கு முன்பே மாத்திரை

வலி விஷயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மாத்திரையை வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன் போடுங்கள். வழக்கமான மரப்பு ஊசி உதடு, கன்னத்தில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நிற்கும். மாத்திரை வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வலி உச்சிக்குப் போன பிறகு துரத்திப் பிடிப்பதைவிட, அது எழும்போதே கையில் மருந்து இருப்பது எவ்வளவோ மேல். வீடு திரும்பியதும், ரத்தம் ஓரளவு நின்றதும், கொஞ்சம் குளிர்ந்த மென்மையான உணவு விழுங்கிவிட்டு முதல் வேளையைப் போட்டுவிடலாம்.

எந்த மாத்திரை? பெரியவர்களுக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், இபுபுரூஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி.யும் சேர்ந்தது நல்ல இணை. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்கின்றன. இபுபுரூஃபென் காயப்பட்ட இடத்தில் புராஸ்டகிளாண்டின் என்ற, வலியைத் தூண்டும் வேதிப்பொருள் உருவாவதைத் தடுப்பதால் வலியோடு அழற்சியையும் தணிக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவட மட்டத்தில் வலியைக் குறைக்கிறது. ஞானப்பல் எடுத்தவர்களிடம் நடந்த சோதனைகளைத் திரட்டி 2013ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தனித்தனியே கொடுத்ததைவிட வலி நன்றாகக் குறைந்ததாகவே சொன்னது. பெரிய மாத்திரை வேண்டும் என்று ஓபியாய்டு (அபின் சார்ந்த வலி மருந்து) வகையைத் தேடிப் போக வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு வருவதில்லை. அவற்றால் வரும் தலைசுற்றலும் வாந்தியும் மலச்சிக்கலும் தனித் தொல்லை. புதிய தையலோடு வாந்தி எடுப்பது யாருக்கும் வேண்டாத அனுபவம்.

மருத்துவர் வேறு அளவு எழுதித் தரவில்லை என்றால் இப்படி வைத்துக்கொள்ளலாம். காலை 7, பிற்பகல் 3, இரவு 11 என எட்டு மணி நேர இடைவெளியில் இரண்டும் சேர்த்து, உணவுக்குப் பிறகு. இபுபுரூஃபென் அதோடு நாளுக்கு 1200 மி.கி. ஆகிவிடும், மருத்துவர் சொல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. இடையில் வலி தலைகாட்டினால் பாராசிட்டமால் மட்டும் ஒரு வேளை கூடுதலாகப் போடலாம், முந்தைய வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து. 24 மணி நேரத்தில் மொத்தப் பாராசிட்டமால் 4000 மி.கி.யைத் தாண்டவே கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், கல்லீரல் சரியில்லாதவர்கள், தினமும் மது அருந்துபவர்கள் மருத்துவரிடம் குறைந்த அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு வலி இருக்கிறதா என்று பார்த்துப் போடாமல் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை விழுங்குபவர்கள் உண்டு.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு இரட்டைக் கணக்கு. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும், 'கலவை' வலி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதேபோல டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாம் இபுபுரூஃபெனின் குடும்பம். மருத்துவர் அவற்றில் ஒன்றை எழுதியிருந்தால் இபுபுரூஃபெனை அதனுடன் சேர்க்காதீர்கள். வலி கூடுதலாகக் குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் அடி வாங்கும்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், ரத்த மெலிவு மருந்து சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின் வகையால் மூச்சிரைப்பு வருபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் இபுபுரூஃபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வலிக்காக ஆஸ்பிரின் போடுவது யாருக்குமே சரியில்லை, ரத்தம் உறைவதைக் கெடுக்கும். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது அதைவிட மோசம்: வலி போகாது, ஈறு வெந்து வெள்ளையாக உரியும்.

மரப்பு இருக்கும்வரை உதட்டையும் நாக்கையும் கடித்துவிடாமல் கவனியுங்கள், முக்கியமாக இளவயதினர். வலிக்காததால் கடிப்பது தெரியாது. சூடான பானமும் அப்போது வேண்டாம், வெந்தாலும் தெரியாது.

ஐஸ்: எவ்வளவு, எத்தனை நாள்

கன்னத்தின் வெளியே, தாடை முனைக்குச் சற்று மேலே, துண்டில் சுற்றிய ஐஸ் பையை 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும் நேரம் முழுக்க, முதல் 24 மணி நேரத்தில் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு. இரண்டாம் நாளும் தொடரலாம். துண்டு இல்லாமல் நேரடியாக வைக்காதீர்கள். கன்னம் மரத்திருக்கும்போது தோல் உறைந்து புண்ணாவது உங்களுக்கே தெரியாது. இரண்டு பக்கமும் எடுத்திருந்தால் இரண்டு பைகளையும் ஒரு நீளத் துணியில் வைத்துத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்துகொள்ளலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், கை ஓய்வாக இருக்கும்.

ஐஸ் வீக்கத்தை மாயமாக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரத்தக்குழாய்களைச் சுருக்கி வரத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், நரம்பை மந்தமாக்கி வலியைக் குறைக்கும். முதல் சில மணி நேரம்தான் அதற்கு மதிப்பு அதிகம். கடினமான அறுவையாக இருக்கும் என்று தெரிந்தால் மருத்துவர்கள் சிலர் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை அறுவையை ஒட்டியே கொடுப்பதுண்டு. வீக்கத்தையும் தாடை இறுக்கத்தையும் குறைப்பதில் அதற்கு நல்ல பலன் இருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக் வீக்கத்துக்கான மருந்து அல்ல, கிருமித் தொற்றுக்கானது. எழுதித் தந்திருந்தால் சொன்ன நாள்வரை முடியுங்கள், தராவிட்டால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று நீங்களாக வாங்காதீர்கள். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அது முடிந்து 48 மணி நேரம்வரை மது கூடாது.

முதல் இரண்டு மூன்று இரவு தலையை 30 முதல் 45 பாகை உயர்த்திப் படுங்கள். ஒரு தலையணையை முதுகுக்கும் ஒன்றைத் தலைக்கும் வைத்தால் சரியாக வரும். தலைக்கு மட்டும் இரண்டைத் திணித்தால் கழுத்து மடங்கி, காலையில் பல்வலியோடு கழுத்துவலியும் சேரும். தட்டையாகப் படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடி, விண் விண்ணென்று தெறிக்கும். குனிந்து கனமான பொருள் தூக்குவது, ஓடுவது, உடற்பயிற்சி எல்லாம் குறைந்தது மூன்று நாள், கடினமான அறுவை என்றால் ஒரு வாரம் தள்ளி வையுங்கள். காரணம் அதேதான்.

உணவும் கட்டியும்

முதல் நாள் குளிர்ந்தது அல்லது அறை வெப்பத்தில் இருப்பது, மெல்ல வேண்டாதது: தயிர், மசித்த வாழைப்பழம், ஆறிய சூப், பால், ஐஸ்கிரீம். இரண்டாம் நாளிலிருந்து இளஞ்சூட்டில் மசித்த உருளைக்கிழங்கு, கலக்கிய முட்டை, குழைய வேகவைத்த சோறு என்று ஏறலாம். விதையுள்ள பழங்கள், முறுமுறுப்பானவை, பொடிப்பொடியாக உதிர்பவை ஒரு வாரத்துக்கு வேண்டாம். குழிக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது கடினம். காரமும் புளிப்பும் புண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான். ஆபத்து ஒன்றும் இல்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். வாய் திறக்கவே வலிக்கிறது என்று குடிக்காமல் இருப்பவர்களுக்குத்தான் இரண்டாம் நாள் தலைவலியும் தலைசுற்றலும் வருகின்றன.

உறிஞ்சுகுழலில் குடிக்காதீர்கள், குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். ஆனால் உறிஞ்சுகுழலை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிட்டு மாலையில் ஒரு சிகரெட் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. குழலைவிடப் பெரிய எதிரி புகை. இழுக்கும்போது உறிஞ்சல், அதன் சூடு, நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிப் புண்ணுக்கு வரும் ரத்தத்தைக் குறைப்பது என்று மூன்று வழியிலும் கெடுக்கும். மின் சிகரெட்டும் விதிவிலக்கல்ல. 72 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். ஒரு வாரம் என்பதுதான் நியாயமான அளவு.

இரண்டாம் நாள்: உப்புத் தண்ணீர்

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம். மற்றப் பற்களை அன்றிரவே மெதுவாகத் துலக்கலாம், நுரையைத் துப்பாமல் வழியவிட்டு. மறுநாளிலிருந்து 240 மி.லி. அளவுள்ள ஒரு குவளை இளஞ்சூடான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும், படுக்கப்போகும் முன்னும், ஆக நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை. கொப்பளிப்பது என்றால் கன்னத்தை உப்பிக் கடகடவென்று அடிப்பதல்ல. தண்ணீரை வாயில் எடுத்து, தலையை இடமும் வலமும் சாய்த்து அரை நிமிடம் உருளவிட்டு, வாயைத் திறந்து கீழே விழவிடுங்கள். உப்பை அள்ளிப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்பது தப்புக்கணக்கு, எரிச்சல்தான் மிச்சம்.

குளோர்ஹெக்சிடின் வாய்க் கழுவி எழுதித் தந்திருந்தால் அதையும் 24 மணி நேரம் கழித்தே தொடங்குங்கள், நாளுக்கு இரண்டு முறை. பற்பசையோடு சேர்ந்தால் அதன் வீரியம் குறையும். துலக்கி அரை மணி நேரமாவது போன பிறகு உபயோகியுங்கள். காபி, தேநீர் குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியலாம், சில நாள் நாக்கில் ருசி மாறலாம். நிறுத்தியதும் ருசி திரும்பிவிடும், கறையைப் பல் மருத்துவர் துடைத்தெடுப்பார். மதுசாரம் கலந்த சாதாரண வாய்க் கழுவிகள் இப்போது வேண்டாம்.

மூன்றாம் நாள்: ஐஸை விட்டு வெப்பத்துக்கு

48 மணி நேரம் தாண்டியதும் ஐஸுக்கு வேலை முடிந்தது. இனி தேங்கிய நீரை வடியவிட வேண்டும், இறுகிய தசையைத் தளர்த்த வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை வையுங்கள். உலர் வெப்பத்தைவிட ஈரவெப்பம் ஆழமாக இறங்கும். சூடு உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் தாங்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. கன்னம் தானாகவே சிவந்து கொதித்து, காய்ச்சலும் இருந்தால் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

வாய் திறக்க முடியாமல் போவது பலரும் எதிர்பார்க்காத ஒன்று. மெல்லும் தசைகள் அறுவைக்கு அருகிலேயே இருக்கின்றன. வீக்கமும் ஊசி குத்திய இடமும் அவற்றை இறுக்கிவிடுகின்றன. வலிக்கிறது என்று வாயை அசைக்காமல் வைத்திருந்தால் இறுக்கம் வாரக்கணக்கில் நீளும். மூன்றாம் நாளிலிருந்து ஒத்தடம் முடிந்த கையோடு பயிற்சி செய்யுங்கள்: வலி தொடங்கும் எல்லைவரை வாயைத் திறந்து ஐந்து நொடி நிறுத்தி, மெதுவாக மூடுங்கள். பத்து முறை, நாளுக்கு நான்கைந்து தடவை. தாடையை இடமும் வலமும் மெல்ல நகர்த்துங்கள். முன்பற்களுக்கு இடையே எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் அளவுகோல். இயல்பாக மூன்று விரல் செங்குத்தாக நுழையும். மூன்றாம் நாள் ஒரு விரல், ஐந்தாம் நாள் ஒன்றரை, பத்தாம் நாள் இரண்டரை என்று ஏறிக்கொண்டிருந்தால் கவலையில்லை. ஏறியது திரும்பக் குறைந்தால் அது தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். கையால் பலவந்தமாக நெம்பித் திறக்காதீர்கள், தையல் பிய்யும்.

கீழ்க்குழியில் உணவு அடைத்துக்கொள்ளத் தொடங்குவது முதல் வாரம் முடியும் நேரத்தில்தான். அதற்கு வளைந்த முனையுள்ள 10 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சு நல்ல கருவி, ஊசி இல்லாதது. ஐந்தாம் நாளுக்கு முன் அதைத் தொடக் கூடாது. மருத்துவர் நாள் குறித்திருந்தால் அதுவே கணக்கு. இளஞ்சூடான உப்புத் தண்ணீரை நிரப்பி, முனையைக் குழியின் வாயிலில் வைத்து மெதுவாகச் செலுத்துங்கள், வெளியே வரும் தண்ணீர் தெளியும்வரை. முதல் தடவை கொஞ்சம் ரத்தம் வரலாம். பல்குத்தி, விரல் நகம் எதுவும் வேண்டாம்.

மேல்பல் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று: அந்த வேருக்கு மேலேயே மூக்குப் பக்கக் காற்றறை இருக்கிறது. சில நாளுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். காற்றறை திறந்துவிட்டதாக மருத்துவர் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுப்பாடு இரண்டு வாரம். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

உலர் குழி

முதல் இரண்டு நாள் வலி குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் அல்லது நான்காம் நாள் திடீரென்று திரும்பி ஏறினால், அதுவும் காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் தெறித்து, மாத்திரைக்கு அடங்காமல், வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் இருந்தால், கட்டி கரைந்து எலும்பு திறந்துவிட்டது என்று பொருள். இதைத்தான் ட்ரை சாக்கெட் என்கிறார்கள். கீழ் ஞானப்பல் குழிகளில்தான் இது மிகுதி. புகைப்பவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள், கடினமான அறுவைக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கும் வரும், அதனால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

வீட்டில் சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். அவர் குழியைக் கழுவி, பெரும்பாலும் கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த மருந்துத் திரியை வைப்பார். பலருக்குச் சில நிமிடங்களிலேயே வலி இறங்கிவிடும். இதைக் கேள்விப்பட்டுக் கிராம்பு எண்ணெயை நேரடியாகக் குழிக்குள் ஊற்றுபவர்கள் உண்டு. செறிந்த எண்ணெய் திசுவைச் சுட்டு, ஆறுவதைத் தள்ளிப்போடும்.

பார்த்துப் பயப்பட வேண்டாதவையும் உடனே போக வேண்டியவையும்

குழிக்குள் வெள்ளையோ மஞ்சளோ படிந்திருப்பது பெரும்பாலும் சீழ் அல்ல, ஆறும் புண்ணின் மேல் படியும் ஃபைப்ரின் படலம். சுரண்டாதீர்கள். கன்னத்திலும் கழுத்திலும் நீலமாகி, பிறகு பச்சை மஞ்சளாக மாறும் கன்றல், புவியீர்ப்பால் கீழே இறங்கும் பழைய ரத்தம். ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். நாக்கில் கெட்டியாகக் கூராகத் தட்டுப்படுவதை 'வேரை விட்டுவிட்டார்கள்' என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது குழியின் உள்சுவர் எலும்பு. சில சமயம் சிறு எலும்புத் துணுக்கு வாரங்கள் கழித்துத் தானாக வெளியே வரும், உறுத்தினால் மருத்துவர் எடுத்துவிடுவார். விழுங்கும்போது தொண்டை வலிப்பதும், பக்கத்துக் காது வலிப்பதும் சில நாள் இருக்கும். கரையும் தையல் ஒரு வாரத்திலிருந்து தளர்ந்து நூலாகத் தொங்கலாம், இழுக்காதீர்கள்.

மருத்துவரை அன்றே அழைக்க வேண்டியவை: 30 நிமிடம் வீதம் இரண்டு முறை உறுதியாக அழுத்தியும் நிற்காத ரத்தம், மூன்று நாளுக்குப் பிறகும் ஏறும் வீக்கம், 38 பாகை செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், குழியிலிருந்து சீழ், மறுநாளும் விலகாத உதடு, மோவாய் அல்லது நாக்கு மரப்பு, மாத்திரைக்குப் பின் தோலில் தடிப்பு. மரப்பு நீடிப்பது கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்போ நாக்கு நரம்போ நசுங்கியதால் இருக்கலாம். பெரும்பாலும் வாரங்களில், மாதங்களில் தெளியும், ஆனால் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்க வேண்டும்.

மூச்சு விடுவதோ எச்சிலை விழுங்குவதோ கடினமாவது, நாக்கின் அடியிலோ கழுத்திலோ பலகைபோல் இறுகிய வீக்கம், குரல் மாறுவது, முகமோ தொண்டையோ திடீரென வீங்குவது ஆகியவற்றுக்குப் பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், இரவு எத்தனை மணியானாலும்.

ஈறு மூன்று நான்கு வாரத்தில் மூடிக்கொள்ளும். அடியில் எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும், உணவு அடையும், சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதைந்த கீழ்ப்பல் எடுத்த சிலருக்கு, எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும் நேரத்தில், ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அதே பக்கக் கன்னம் மறுபடி வீங்குவதுண்டு. மூடிய ஈறுக்கு அடியில் சிக்கிய தொற்று அது. ஐஸும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். அறுவை செய்த மருத்துவரிடமே காட்டித் திறந்து கழுவிக்கொள்ள வேண்டும்.